வில்லுக்குப் போக வேண்டிய தண்ணீர்

முதிரையடிச் சந்தியில் கமலாட்சி மழைக்குள் நிற்பது அன்றோடு நாலாவது நாள். ஒரு கையில் குடை, மற்றக் கையில் அடியும் அங்குலமும் கீறிய மரக்கம்பு. வெள்ளம் எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்தக் கடை வாசலில் தேங்குகிறது, தேங்கியது எத்தனை மணிக்கு வடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினாள். கொப்பியைப் பாண் வாங்கிய பொலித்தீன் பையால் சுற்றியிருந்தாள்.

2002 கார்த்திகை. போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்து ஏழு மாதம். கூரை போன சுவர்களுக்கு மேலே தகரம் போட்டு, சந்தியில் ஒவ்வொரு கடையாகத் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் ஓடும் பழைய கான்களெல்லாம் இடிந்த கட்டடங்களின் கல்லாலும் பதுங்குகுழி மண்ணாலும் மூடிக் கிடந்தன. ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் போதும், சந்தி முழங்காலளவு வெள்ளத்தில் நிற்கும்.

"மிஸ், உள்ள வந்து நிண்டு பாருங்கோ. தண்ணி எங்கயும் ஓடிப்போகாது. அதுதானே எங்கட பிரச்சினை" என்றார் ஹமீட், கடைக்குள்ளிருந்து. அரிசி மூட்டைகளை வாங்குகளின் மேல் ஏற்றிவிட்டுத் தானும் ஒரு வாங்கில் சம்மணம் கட்டி இருந்தார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் பன்னிரண்டு வருசம் இருந்துவிட்டு, அந்த ஆவணியில்தான் திரும்பி வந்து கடை திறந்தவர்.

"நான் பாக்கிறது இஞ்ச நிக்கிற தண்ணியை இல்லை, நானா. இது வடிஞ்சு எங்க போகுதெண்டு பாக்கிறன்" என்றாள் கமலாட்சி.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. தொழில்நுட்ப உத்தியோகத்தராகி பன்னிரண்டு வருசமாயிற்று. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருசமும் அவள் வரைந்ததெல்லாம் இடம்பெயர்ந்தவர்களின் கொட்டில்களும் மலசலகூடக் குழிகளும்தான். ஒரு ஊருக்கு, அது ஊராக நிலைக்கும் என்று நம்பி ஒரு படம் வரையச் சொல்லி முதன்முதலில் கேட்டது இந்த நகரப் புனரமைப்புத் திட்டம்தான். அந்தச் சந்தோசத்தை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை. அறைக்குப் போய் நனைந்த உடுப்பை மாற்றும்போது மட்டும் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

சந்தித் தண்ணீர் கிழக்கே போயிற்று. முக்கால் மைல் தூரம் பற்றைக்குள்ளால் மெல்ல ஊர்ந்து, வில்லுக்குள் இறங்கியது. வில்லு என்பது மாரியில் நீர் கட்டி, கோடையில் புல் முளைத்து மாடு மேய்கிற பெரிய பள்ளத்தரை. பாதை திறந்த பிறகு அங்கே மாடு மேயவில்லை. சுற்றிவர மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நட்டிருந்தார்கள். வில்லுக்குள் மிதிவெடி இருந்தது.

வில்லுக்கும் வயலுக்கும் நடுவில் நாவலடி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடி வந்த முப்பத்தொரு குடும்பங்கள் அங்கே இருந்தன. மேட்டு நிலமெல்லாம் முன்னரே ஆட்களுக்குப் பிரித்தாகிவிட்டதால் இவர்களுக்குப் பள்ளம் கிடைத்தது.

அங்கேதான் அவள் சுப்பம்மாவைக் கண்டாள். ஐம்பது வயதிருக்கும். வேலிக்கு மேலால் எட்டி, "குடை புடிச்சுக்கிட்டு மழையில நிக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன். ஒண்ணு நனையணும், இல்ல வீட்டுக்குள்ள இருக்கணும்" என்றார். பிறகு படலையைத் திறந்து தேத்தண்ணி கொடுத்தார். கணவர் சிவராசா மேசன். அவர் அதிகம் பேசாமல் கமலாட்சியின் கம்பை வாங்கி, தன் வீட்டுச் சுவரில் இருந்த பழைய வெள்ளக் கறைகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எந்த வருசத்துக் கறை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கறைகள் ஒன்றும் கணுக்காலுக்கு மேலே ஏறவில்லை.

"மெதுவாத்தாங்க வரும். வந்து, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிரும்."

தைமாதம் முழுக்க இருந்து கமலாட்சி படத்தை முடித்தாள். சந்தியிலிருந்து கொங்கிறீட் கான். அது முடிகிற இடத்திலிருந்து புல் வளர்த்த அகன்ற கான், தண்ணீரின் வேகத்தைக் குறைக்க. கடைசியாக வில்லு. அதை நாலடி ஆழமாக்கி, கரை கட்டி, கரையெல்லாம் மருதும் வெட்டிவேரும் நட்டு, நிறைந்த தண்ணீரைச் சின்ன மதகால் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க் குளத்துக்கு விடுவது. நாவலடி ஆட்களைக் கூப்பிட்டு அவர்களுக்கு விளங்கும்படி சொன்னாள்.

"சீமெந்துக் கான் தண்ணியைக் கலைச்சுத் துரத்தும். புல்லும் வில்லும்தான் அதைப் பிடிச்சு வைக்கும். ரெண்டும் இருக்கவேணும். ஒண்டை விட்டிட்டு மற்றதைக் கட்டக் கூடாது."

மருதங் கன்று வளர்க்கும் பொறுப்பைச் சுப்பம்மா எடுத்துக்கொண்டார். குடியிருப்புப் பெண்களைச் சேர்த்து, கறுத்தப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி, வீட்டுக்குப் பின்னால் கிடுகுப் பந்தல் போட்டு அறுநூறு கன்று உண்டாக்கினார். கமலாட்சி போகும் நேரமெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுவார். "இது நல்லா வரும். இது சோம்பேறி. இதுக்கு என்னமோ கோவம், இலையைக் கொட்டிருச்சு." ஆறு மாதத்தில் கன்றுகள் முழங்காலளவு வளர்ந்துவிட்டன. மிதிவெடி எடுக்கிறவர்கள்தான் வரவில்லை.

ஆவணி மாதம் திட்டப் பணிப்பாளர் ஏரம்பு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை. ஓய்வு பெற வேண்டிய வயதில், ஆளில்லை என்று கேட்டதற்காக வந்து வேலை செய்துகொண்டிருந்தவர்.

"பிள்ளை, மிதிவெடிக்காரர் வில்லுக்கு வர அடுத்த வருசமாகுமாம். பள்ளிக்கூட வளவுகள் முதல்ல. அது நியாயம்தானே. ஆனா மார்கழிக்கு முதல் எதையாவது கட்டி முடிச்சுக் காட்டாட்டி இந்தத் திட்டமே நிண்டுபோகும். சீமெந்துக் கானைத் தொடங்குவம்."

"கான் வில்லுக்கை போய் முடியவேணும் சேர். வில்லுக்குக் கிட்ட அறுநூறு அடிக்குள்ள போகேலாது. தண்ணியை எங்க விடுறது?"

அவர் படத்தின் மேல் பென்சிலை வைத்தார். மிதிவெடி இல்லாத நிலம் முடிகிற இடத்தில், வில்லுக்கும் நாவலடிக்கும் நடுவால் ஒரு பழைய வயல் வாய்க்கால் குளத்துக்கு ஓடியது. "இதுக்குள்ள திருப்பி விடு. ஒரு மாரிக்குத்தானே. தற்காலிக ஏற்பாடு எண்டு எழுதிக் கையெழுத்து வை. நான் மேல அனுப்புறன்."

அவள் உடனே கையெழுத்து வைக்கவில்லை. இரண்டு நாள் கணக்குப் பார்த்தாள். வாய்க்கால் எவ்வளவு தாங்கும் என்று அளந்தாள். எவ்வளவு மழை பெய்யும் என்பதுதான் தெரியவில்லை. யுத்த காலத்தில் முதிரையடியில் மழை அளந்தவரில்லை, மழைமானி இருந்த கட்டடமும் இல்லை. வவுனியாவின் பழைய கணக்கை எடுத்து, அதோடு கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள். வாய்க்கால் தாங்கும் என்று வந்தது. கணக்குச் சரிவந்தபோது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள். படம் படமாகவே கிடந்து மக்கிப்போகுமோ என்ற பயம்தான் தன் கையைப் பிடித்து எழுத வைத்தது என்பது அவளுக்குத் தெரியும்.

கையெழுத்து வைத்தாள்.

கான் வேலைக்குச் சிவராசாவே தலைமை மேசன். ஐப்பசிக் கடைசியில் வேலை முடிந்தது. ஒரு வெடிப்பில்லாத, நூல் பிடித்தது போன்ற கான். கடைசி நாள், கானின் வாயிலிருந்து வாய்க்காலின் கரையை வெட்டித் திறக்க வேண்டும். அவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டு கேட்டார்.

"மிஸ், இது வில்லுக்குப் போறதுன்னுதானே சொன்னீங்க?"

"ஓம் அண்ணை. அடுத்த வருசம் வில்லுக்கு மாத்திவிடுவம். இது ஒரு மாரிக்கு மட்டும்."

அவர் வாய்க்காலைப் பார்த்தார், தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். பிறகு குனிந்து வெட்டினார்.

கார்த்திகை இருபதுக்குப் பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் பகல் வானம் கறுத்து, எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாத மழை. கமலாட்சி சந்தியில்தான் நின்றாள். புதுக் கான் பொங்கிப் பாய்ந்தது. ஆனால் சந்தியில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹமீட் கதிரையைத் துடைத்து வைத்து அவளை இருத்தினார். மனைவி கைருன்னிஸா உள்ளேயிருந்து பாற்தேத்தண்ணி கொடுத்துவிட்டார். "பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு நிலத்தில சாமான் வச்சிருக்கிறன் மிஸ், மாரியில" என்றார் ஹமீட். அவள் தேத்தண்ணியைக் குடித்தாள். நல்ல சூடாக இருந்தது.

அவள் அதைக் குடித்துக்கொண்டிருந்த நேரம் நாவலடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

விடிந்த பிறகே செய்தி கிடைத்தது. சைக்கிளைக் கானின் கரையில் போட்டுவிட்டு மிச்சத் தூரத்தை நடந்து போனாள். பற்றைக்குள்ளால் இரண்டு நாள் ஊர்ந்து வரும் தண்ணீர், கானால் கால் மணித்தியாலத்தில் வந்திருந்தது. வளைவில் வாய்க்காலை உடைத்து, வில்லின் ஓரத்தை அரித்து, அதே வேகத்தில் குடியிருப்புக்குள் நுழைந்திருந்தது. ஆட்கள் முன்பள்ளிக் கட்டடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள். சிவராசா வீட்டுச் சுவரில் புதுக் கறை அவளுடைய நெஞ்சளவில் இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், காலடியில் சேற்றுக்குள் ஒரு சிவப்புப் பலகை கிடப்பதைக் கண்டாள். மண்டையோடு வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று வாழைக் குற்றியில் தடக்கி நின்றது.

வில்லின் எல்லையில் நட்ட பலகைகள். பலகை வந்த வழியால் வேறு என்னவெல்லாம் வந்திருக்கும்? வந்த காலடியில் கால் வைத்து வீதிக்குத் திரும்பி, மிதிவெடி எடுக்கிறவர்களின் முகாமுக்கு ஓடினாள். வீதியெல்லாம் உடைந்து கிடக்கிறது, திங்கட்கிழமைதான் வரலாம் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. கோயில் ஒலிபெருக்கியை வாங்கி அவளே அறிவித்தாள். முன்பள்ளிக்குப் போய் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னாள்.

"திங்கள் வரைக்கும் ஒருத்தரும் வீட்டு வளவுக்குப் போகாதேங்கோ. வெளியில கால் வைக்காதேங்கோ. வெள்ளம் வெடியைக் கொண்டந்திருக்கும்."

"சரி மிஸ்" என்றார்கள். சுப்பம்மா மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணெல்லாம் போயிருச்சு மிஸ். பந்தலே இல்ல" என்றார். அவர் கண்ணு என்றது மருதங் கன்றுகளை.

"அது போனாப் போகட்டும் அக்கா. பேந்து திரும்ப வளப்பம்."

"ஒரு வருசமுங்க" என்றார் சுப்பம்மா.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. நாலு நாளாக நூற்றைம்பது பேர் ஒரு கட்டடத்துக்குள். சமைக்கச் சட்டி இல்லை, மாற்ற உடுப்பு இல்லை. காலையில் ஒரு ஆள் போய் வந்தார், பிறகு இன்னொருவர். ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணிபோல் சுப்பம்மாவும் போனார். தன் வளவைத் தாண்டவில்லை. பின் வேலியில் கறுத்தப் பைகள் பத்துப் பன்னிரண்டு சிக்கிக் கிடந்தன. கன்றுகள் சாகவில்லை, இலை பச்சையாகவே இருந்தது. அவர் நாலு பையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். ஐந்தாவதை எடுக்க ஒரு எட்டு வைத்தார்.

சத்தம் சந்தி வரைக்கும் கேட்டது. கமலாட்சி போவதற்குள் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு மாங்குளம் ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டிருந்தார்கள். பாதி வழியில் சுப்பம்மா இறந்துபோனார்.

ஏரம்பு அறிக்கை எழுதினார். வழமைக்கு மாறான மழை, யுத்தத்தின் எச்சம், மக்கள் எச்சரிக்கையைக் கேட்கவில்லை. மூன்றும் உண்மை. "உன்ர கையெழுத்தைப் பற்றி இதில ஒண்டும் இல்லை. நீ பயப்பிடாதே" என்றார் அவளிடம். அன்பாகத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அடுத்த நாள் கமலாட்சி நாவலடிக்குப் போனாள். மிதிவெடிக்காரர்கள் குடியிருப்புக்குள் இன்னும் இரண்டு எடுத்திருந்தார்கள். சிவராசா வாசலில் இருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணை, தண்ணியை வாய்க்காலுக்குத் திருப்பலாமெண்டு எழுதிக் கையெழுத்து வச்சது நான். சேர் கேட்டவர்தான். ஆனா நான் மாட்டனெண்டு சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்துப் போயிருந்தாள். ஏசினால், துரத்தினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இரவெல்லாம் மனதைத் தயார்ப்படுத்தியிருந்தாள். அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"வெட்டினது நானுங்க. வெட்டுறப்பவே எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு வருசமா இந்தத் தண்ணியைப் பாக்கிறவன். நல்ல வேலை, ரெண்டு மாசமா ஒழுங்கா நடக்குது, மிஸ் சொல்றாங்க, நாம என்னத்தைப் பேசுறதுன்னு வெட்டிட்டேன். அவகிட்டக்கூடச் சொல்லல."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னும் மழை இருக்குதுங்களா?"

"மார்கழி முழுக்க இருக்கு."

"அப்ப அதை அடைக்கணும்."

அடைத்தால் தண்ணீர் சந்தியில் நிற்கும். அதை ஏரம்பு ஒப்புக்கொள்ள மாட்டார் என்று கமலாட்சிக்குத் தெரியும். அவள் ஹமீட்டின் கடைக்குப் போய், சந்திக் கடைக்காரர்களைக் கூப்பிடச் சொல்லி நடந்ததையெல்லாம் சொன்னாள், தன் கையெழுத்தையும் சேர்த்து. கடைக்காரர்கள் ஆளையாள் பார்த்தார்கள். வீரகத்தி என்ற இரும்புக் கடைக்காரர், "செத்ததுக்குக் கவலைதான் மிஸ். அதுக்காக எங்கட கடையளை வெள்ளத்தில மூழ்க விடுறதோ?" என்று கேட்டார். கேட்டதில் பிழையில்லை. எல்லாரும் கடனோ நகையோ வைத்துத்தான் அந்த மாரிக்கு முதல் சாமான் இறக்கியிருந்தார்கள்.

ஹமீட் எழும்பி, நிலத்தில் அடுக்கியிருந்த மா மூட்டை ஒன்றைத் தூக்கி வாங்கில் வைத்தார்.

"புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்கை பன்னிரண்டு மாரி இருந்தம். தண்ணி வந்தா பிள்ளையைத் தோளில வச்சுக்கொண்டு விடியுமட்டும் நிக்கிறது. அதுக்கு மேல தூக்கி வைக்க எங்களிட்ட ஒண்டுமில்லை. இஞ்ச வாங்கு இருக்கு." இரண்டாவது மூட்டையையும் தூக்கினார். "அடையுங்கோ."

வீரகத்தி எழும்பிப் போனார். அரை மணித்தியாலத்தால் அறுபது வெறும் உரப்பை கொண்டுவந்து போட்டார்.

அன்று பின்னேரமே கானின் வாயை மண்மூட்டையால் அடைத்தார்கள். சிவராசா அடுக்க, கமலாட்சியும் நாவலடி ஆட்களும் நிரப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்காமல் அரச வேலையில் கை வைத்தது என்று கடிதத்தில் இருந்தது. அந்த மார்கழியில் சந்தி நாலுதரம் வெள்ளத்தில் நின்றது. நாவலடிக்குள் தண்ணீர் போகவில்லை.

அவள் புதுக்குடியிருப்புக்குத் திரும்பிப்போய் ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பித்தாள். அடுத்த வருசம் வைகாசியில் வில்லில் மிதிவெடி எடுக்கத் தொடங்கினார்கள். நாற்பத்தேழு எடுத்ததாகக் கேள்விப்பட்டாள். புரட்டாதியில் வேறொரு உத்தியோகத்தரின் பெயரில், அவளுடைய படத்தின்படியே வில்லை ஆழமாக்கிப் புல் கானும் வெட்டினார்கள். கரையில் நட, மருதங் கன்றுகளை வவுனியாவிலிருந்து லொறியில் ஏற்றி வந்தார்களாம்.

கார்த்திகையில் மழை பிடித்து மூன்றாம் நாள், வகுப்பை நிறுத்திவிட்டு பஸ் ஏறினாள். சந்தியில் தண்ணீரில்லை. கானோடு நடந்து போனாள். புல்லுக்கு வந்ததும் வெள்ளம் அடங்கி, கலங்கலாக, அவசரமில்லாமல் வில்லுக்குள் பரந்தது. மதகால் ஒரு மெல்லிய தாரை மட்டும் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. அவளால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

சிவராசா வீட்டுக்குள் இருந்தார். மெலிந்திருந்தார். கட்டிலை நாலு கல்லின் மேல் உயர்த்தி வைத்திருந்தார். உடுப்பும் அடையாள அட்டையும் கட்டிய பொட்டலம் கூரை வளையில் தொங்கியது. கமலாட்சியைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார்.

"வில்லைப் பாத்தீங்களா?"

"பாத்தனான் அண்ணை. நீங்கள் பாக்கேல்லையோ?"

"இல்லீங்க. சொன்னாங்க, நல்லா நிக்குதுன்னு. நான் அந்தப் பக்கம் போறதில்ல. இங்க வராதுங்களே?" என்று கேட்டார்.

"வராது."

"தெரியுது. தெரிஞ்சும், மழை வந்தா கண்ணை மூட முடியலீங்க. மூணு நாளாச்சு." அவர் வாசலைப் பார்த்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்கிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "மிஸ் கொஞ்ச நேரம் இதுல இருந்து பாத்துக்கிறீங்களா? தண்ணி வந்தா எழுப்புங்க. ஒரு மணித்தியாலம் படுத்துக்கிறேன்."

"படுங்கோ அண்ணை. நான் இருக்கிறன்."

அவர் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சீராக வந்தது. கமலாட்சி கதிரையை வாசலுக்கு நகர்த்திப் போட்டு, முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. புதுக்குடியிருப்புக்குத் திரும்பும் மூன்று மணி பஸ் சந்தியில் கோர்ன் அடித்துப் போவது கேட்டது. அவள் எழும்பவில்லை.